நான்கு டீம் லீடர்கள்

எஸ்தர் உள்ளே போய் இருபது நிமிஷமாவது ஆகியிருக்கும் என்று ஷர்மிளா நினைத்தாள். நிச்சயமாகச் சொல்ல முடியாது. போன் வாசலில் செக்யூரிட்டியிடம் இருந்தது. தொழிற்சாலைக்குள் போன் கூடாதாம், மரத்தில் அடித்த சின்னச் சின்ன அறைகளில் ஒன்றில் அதைப் போட்டுவிட்டு, பதினான்கு என்று எழுதிய தகர வில்லை ஒன்றைக் கையில் கொடுத்திருந்தார். சுவர்க் கடிகாரம் அவள் தலைக்கு நேர் பின்னால் தொங்கியது. திரும்பிப் பார்த்தால் பதற்றம் என்று ரிசப்ஷன் அக்காவுக்குத் தெரிந்துவிடும். அக்கா அதை உள்ளே போய்ச் சொல்லப்போவதில்லை, சொன்னாலும் மணி பார்ப்பது ஒன்றும் குற்றமில்லை, ஆனாலும் ஷர்மிளா திரும்பவில்லை. எதிரே பேக்கரி அடுப்புக்கும் ஐஸ்கிரீம் பெட்டிக்கும் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற சின்னப் பெட்டிகளைக் கண்ணாடி அலமாரியில் வரிசையாக வைத்திருந்தார்கள். அதுதான் இந்தக் கம்பெனி செய்வது. அம்பத்தூர் எஸ்டேட்டில் மூன்றாவது சந்தில், இரண்டு மாடி, முன்னால் ஒரு வேப்பமரம், உள்ளேயிருந்து ஈயம் உருகுகிற வாசனை. கல்லூரி லேபிலும் இதே வாசனைதான் வரும், அங்கே வருகிறபோது தலை வலிக்கும், இங்கே வலிக்கவில்லை, வயிறுதான் என்னவோ செய்தது. காலையில் அம்மா கட்டாயப்படுத்தித் தின்னவைத்த மூன்று இட்லியாக இருக்கலாம். இரண்டோடு நிறுத்தியிருக்க வேண்டும். பயிற்சிக்கு எடுக்கிற இடம் ஒன்று, வந்திருப்பவர்கள் நாலு பேர், நாலு பேரும் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, திருவள்ளூரிலிருந்து ஒரே ரயிலில் ஒரே பெட்டியில் வந்தவர்கள். வழியில் வேர்க்கடலை வாங்கிப் பங்கு போட்டுத் தின்றார்கள். ஒரு இடத்தை எப்படிப் பங்கு போடுவது என்று யாரும் பேசவில்லை.

கூப்பிடுவது ஆங்கில எழுத்து வரிசைப்படி. முதலில் எஸ்தர், பிறகு ஃபைசல், பிறகு கோகுல், கடைசியில்தான் எஸ். ஒன்றாம் வகுப்பிலிருந்து இந்த எஸ் அவளைக் கடைசியில் நிறுத்தியே வந்திருக்கிறது, வைவாவில், ஊசி போட வந்த அன்றைக்கு, ஹால் டிக்கெட் வாங்க. அதில் ஒரு சௌகரியமும் உண்டு, முன்னால் போனவர்கள் வெளியே வந்து என்ன கேட்டார்கள் என்று சொல்லிவிடுவார்கள், அதை வைத்தே அவள் பாதி வைவாக்களைத் தாண்டியிருக்கிறாள். இங்கே அந்தக் கதை நடக்காது. பேசி முடித்தவர்களைப் பின்கதவு வழியாகக் கேன்டீனுக்கு அனுப்பிவிடுகிறார்கள், எல்லாரும் முடிக்கிறவரை டீ குடித்துக்கொண்டு அங்கேயே இருக்க வேண்டும். வந்ததுமே ரிசப்ஷன் அக்கா சொல்லிவிட்டாள், "உள்ள போனா இந்தப் பக்கம் திரும்பி வர முடியாதும்மா, மேடம் அப்படித்தான்." அப்போது அது பெரிதாகத் தோன்றவில்லை. அக்கா நாலு பேரின் ரெஸ்யூமையும் வாங்கி மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் பரப்பி, ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று போட்டாளே, அப்போதுதான் ஷர்மிளா நாலையும் சேர்த்துப் பார்த்தாள். நாலும் ஒன்றுபோலவே இருந்தன. அதே இரட்டைக்கோட்டுக் கட்டம், அதே இடத்தில் போட்டோ, அதே நீலத்தில் தலைப்பு. சவாலான சூழலில் பணியாற்றி என் திறமையை வளர்த்துக்கொண்டு நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் துணை நிற்பதே என் லட்சியம் என்று நாலு பேருக்கும் ஒரே லட்சியம். நாலு பேருக்கும் பொழுதுபோக்கு இறகுப்பந்து. ஷர்மிளா வாழ்க்கையில் இறகுப்பந்து மட்டையைத் தொட்டதில்லை, அந்த வரியை எடுக்க மறந்துபோனது, ஆனால் மற்ற மூன்று பேரும் மறந்திருப்பார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை. நடுவில் ப்ராஜெக்ட் என்று ஒரு கட்டம். அதில் கோழிக்குஞ்சு பொரிக்கும் கருவி, பங்கு: டீம் லீடர். அடுத்ததிலும் டீம் லீடர். அதற்கடுத்ததிலும். தலைகீழாகப் படித்தாலும் தெளிவாகத் தெரிந்தது.

இது யாருடைய தப்பு என்று யோசித்தால் சீனியர் பிரகதீஷ் அண்ணாவின் தப்பு என்று சொல்லலாம், அவன்தான் தன் ரெஸ்யூமை வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, பேரை மட்டும் மாத்திக்கோங்க மக்களே என்று எழுதினான். நல்ல மனசோடுதான் போட்டான். அறுபத்திரண்டு பேரும் பேரை மாற்றிக்கொண்டார்கள். இல்லை, பிளேஸ்மெண்ட் சாரின் தப்பு என்றும் சொல்லலாம், அவர் செமினார் ஹாலில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, மெம்பர்னு போட்டா எவனும் திரும்பிப் பாக்க மாட்டான், லீடர்னு போடுங்க, லீடர்ஷிப் குவாலிட்டி வேணும் என்றார். ஒரு டீமில் எத்தனை லீடர் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். நாலு பேரும் ஒரே கம்பெனிக்கு ஒரே நாளில் போய் நிற்பார்கள் என்று சாருக்கும் தோன்றியிருக்காது. தோன்றியிருந்தால் மட்டும் என்ன செய்திருப்பார், வேற வேற நாள்ல போங்கப்பா என்றிருப்பார். ஷர்மிளா தன் வீட்டில் உட்கார்ந்து அந்த வரியை டைப் அடித்தபோது ஒரு நொடி விரல் நின்றது நினைவிருக்கிறது. நின்றது, பிறகு அடித்தது. மற்றவர்கள் மெம்பர் என்று போட்டிருப்பார்கள், நம்முடையது மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டாள். நாலு பேரும் அவரவர் வீட்டில் உட்கார்ந்து இதையே நினைத்திருக்க வேண்டும். எஸ்தரைத் தவிர. எஸ்தர் போட்டது உண்மை.

கதவு திறந்தது, எஸ்தர் வரவில்லை, ஒரு ஆள் தலையை நீட்டி, "ஃபைசல் யாரு?" என்றார். ஃபைசல் எழுந்து சட்டையை உள்ளே தள்ளிக்கொண்டு, இருந்த இடத்திலிருந்தே இரண்டு பேரையும் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனான். அவனுக்கு இது கிடைக்காவிட்டாலும் மாமா வைத்திருக்கும் ஏசி சர்வீஸ் கடை இருக்கிறது. கோகுலுக்கு வாய் இருக்கிறது. எஸ்தருக்கு வேலை தெரியும். எனக்கு என்ன இருக்கிறது என்று ஷர்மிளா பார்த்தாள், பார்த்தபோது முதலில் தென்பட்டது மெயில் பெட்டிதான். அறுபத்து மூன்று மெயில் அனுப்பியிருந்தாள். டிசம்பரில் ஆரம்பித்தது. முதல் பத்தும் ஆசையாய் ஒவ்வொன்றாக எழுதியது, அந்தக் கம்பெனி என்ன செய்கிறது என்று படித்து, உங்கள் அழுத்தமானிகளைப் பற்றி அறிந்து மகிழ்ந்தேன் என்றெல்லாம். பிறகு ஒரே கடிதத்தில் கம்பெனிப் பேரை மட்டும் மாற்றி, பிறகு ஒரு நாள் அதையும் மாற்ற மறந்து, ஸ்ரீபெரும்புதூர்க் கம்பெனிக்கு மறைமலைநகர்க் கம்பெனியின் பேரைப் போட்டு, உங்களிடம் பணியாற்றுவது என் நெடுநாள் கனவு என்று அனுப்பிவிட்டாள். பதில் வந்தது, விண்ணப்பித்ததற்கு நன்றி, இந்த மெயிலுக்குப் பதில் அனுப்ப வேண்டாம் என்று. அறுபத்து மூன்றில் ஐம்பத்தொன்றுக்கு அந்தப் பதிலும் இல்லை. மனிதர் எழுதியது என்று தெரிகிற பதில் ஒன்றே ஒன்று, வியாழக்கிழமை பத்து மணிக்கு வரவும், ஃபோட்டோ ஐடி கொண்டுவரவும், கு. கற்பகம். அந்த மூன்று வரியை அவள் ரயிலில், வகுப்பில், பல் தேய்க்கும்போது எல்லாம் படித்தாள். மூன்றாம் நாள்தான் மற்ற மூன்று பேருக்கும் அதே மூன்று வரி வந்திருப்பது தெரிந்தது. இது கிடைக்காவிட்டால் சான்றிதழ் விற்கிற இடம் இருக்கிறது, வகுப்பில் முக்கால்வாசி பேர் அங்கேதான் வாங்குகிறார்கள், இரண்டு மாதம் வீட்டில் படுத்துக் கிடந்துவிட்டு, சிறப்பாகப் பயிற்சி பெற்றார் என்று ஒரு தாளை வாங்கி வந்து ஹெச்ஓடி மேஜையில் வைப்பார்கள், அவரும் கையெழுத்துப் போடுவார். அவளும் வாங்கலாம். ஆனால் இங்கே பயிற்சிக்கு எடுத்தால் படிப்பு முடிந்ததும் இங்கேயே வேலைக்கு வைத்துக்கொள்வார்கள் என்று பேச்சு. போன வருஷம் எடுத்த பையன் இப்போது மாடியில் உட்கார்ந்திருக்கிறானாம். வேலை என்பது மெயிலில் இல்லை, இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

"என்னடி பேயடிச்ச மாதிரி இருக்க?" என்றான் கோகுல். அவன் அலமாரிக் கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டிருந்தான். ரெஸ்யூம் நாலையும் பார்த்தாயா என்று ஷர்மிளா மெதுவாகக் கேட்டாள். "பாத்தேன், பாத்தேன். அவங்க அதெல்லாம் படிக்க மாட்டாங்க. படிச்சாலும் ஆளாளுக்கு ஒரு மாட்யூலுக்கு லீடர்னு அடிச்சுவிட வேண்டியதுதான்." எந்த மாட்யூல் என்று அவள் கேட்டாள். கோகுல் கொஞ்சம் யோசித்து, "முட்டை மாட்யூல்" என்று சொல்லிச் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது, அவன் சொன்னது பொய்யும் இல்லை, முட்டை வாங்கியது அவன்தான். ஹாஸ்டல் மெஸ்ஸில் போய்க் கெஞ்சி ஒரு டஜன் முட்டை வாங்கி வந்தான், தெர்மகோல் பெட்டியில் வைத்து இருபத்தோரு நாள் காத்திருந்தார்கள், இருபத்தைந்து நாள் காத்திருந்தார்கள், பெட்டியைத் திறந்தால் நாற்றம் லேபைத் தூக்கியது. மெஸ் முட்டை சேவல் படாத முட்டை, அதை எத்தனை நாள் அடைவைத்தாலும் குஞ்சு வராது என்று லேப் அட்டெண்டர் சொல்லித்தான் நாலு வருங்கால இன்ஜினியர்களுக்கும் தெரிந்தது. எஸ்தர்தான் பிறகு பட்டாபிராமில் யாரோ தெரிந்தவர் வீட்டில் நாட்டுக்கோழி முட்டை பத்து வாங்கி வந்தாள். சனி, ஞாயிறு லேபைப் பூட்டிவிடுவார்கள், கரண்டும் இருக்காது, அதனால் வெள்ளிக்கிழமை சாயந்தரம் பெட்டியோடு, பேட்டரியோடு, பத்து முட்டையோடு ரயிலில் வீட்டுக்குக் கொண்டுபோனாள். மகளிர் பெட்டியில் மடியில் வைத்துக்கொண்டு, இடிக்காதீங்க அக்கா, இடிக்காதீங்க அக்கா என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே. ஒரு வெள்ளிக்கிழமை ஷர்மிளா கூடப் போனாள், எஸ்தர் தண்ணீர் குடிக்கிற இரண்டு நிமிஷம் பெட்டியைத் தன் மடியில் வாங்கி வைத்திருந்தாள். உள்ளே பல்பின் சூடு தெர்மகோலைத் தாண்டி மடியில் மெல்லத் தெரிந்தது. கோழிக்குஞ்சு பொரிக்கும் கருவியில் ஷர்மிளாவின் கை பட்டது அந்த இரண்டு நிமிஷம்தான்.

இல்லை, ரிப்போர்ட் எழுதினாள். நாற்பத்திரண்டு பக்கம். அதில் முன்னுரை போன வருஷத்து ரிப்போர்ட்டிலிருந்து எடுத்தது, சர்க்யூட் படம் எஸ்தர் போட்டது, நன்றியுரை மட்டும்தான் சொந்தமாக எழுதியது. அதில் சேர்மனுக்கு நன்றி, செயலாளருக்கு நன்றி, முதல்வருக்கு, துறைத்தலைவருக்கு, வழிகாட்டிக்கு, லேப் அட்டெண்டருக்கு, பெற்றோருக்கு, எல்லாம் வல்ல இறைவனுக்கு. எஸ்தருக்கு நன்றி என்று போட முடியாது, டீமில் இருப்பவளுக்கே டீம் நன்றி சொல்வதா. முப்பத்தேழரை டிகிரி என்று எட்டு இடத்தில் டைப் அடித்தாள், அதனால் முப்பத்தேழரை தெரியும். ஏன் முப்பத்தேழரை, முப்பத்தொன்பதானால் என்ன ஆகும், சென்சார் கெட்டுப்போனால் பல்பு எரிந்துகொண்டே இருக்குமா அணைந்துவிடுமா, இதெல்லாம் தெரியாது. எஸ்தரிடம் கேட்டிருக்கலாம். மூன்று மாதம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தாள், கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், பத்து முட்டையில் ஆறு பொரிந்த அன்றைக்குக்கூட அவள்தான் அவளாக வந்து, ஏய் இங்க வா, மூக்கு வெளிய வந்துடுச்சு பாரு என்று கையைப் பிடித்து இழுத்தாள். ஷர்மிளா பார்த்தாள். ஈரமாக, அசிங்கமாக, துடித்துக்கொண்டு ஒன்று ஓட்டைத் தள்ளியது. ரிவ்யூ அன்று வெளியிலிருந்து வந்த சார் யார் இதைச் செய்தது என்று கேட்டபோது கோகுல் முந்திக்கொண்டு பதினைந்து நிமிஷம் பேசினான். எஸ்தர் ஓரமாக நின்று ஒரு குஞ்சைக் கைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு பேருக்கும் ஒரே மார்க். அவள் மனசில் வைத்திருப்பாள். யாராக இருந்தாலும் வைத்திருப்பார்கள். நானாக இருந்தால் கட்டாயம் வைத்திருப்பேன் என்று ஷர்மிளா நினைத்தாள். இன்றைக்கு அவள்தான் முதலில் உள்ளே போயிருக்கிறாள், கதவு சாத்தியிருக்கிறது, கோகுலும் கூட இல்லை, இத்தனை நாள் வைத்திருந்ததை இங்கே கொட்டாமல் வேறு எங்கே கொட்டுவாள். மேடம், இது நான் பண்ணது, மத்த மூணு பேரும் சும்மா பேர் போட்டுக்கிட்டாங்க. ஒரே வரிதான். சொல்ல ஐந்து விநாடிகூட ஆகாது, அவள் இருபது நிமிஷம் உள்ளே இருந்திருக்கிறாள்.

கோகுலையும் கூப்பிட்டார்கள். அவன் ஆல் தி பெஸ்ட் என்று தனக்கே சொல்லிக்கொண்டு போனான். நாற்காலிகள் காலியாகிவிட்டன, கோகுல் உட்கார்ந்திருந்ததில் மட்டும் பள்ளம் மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தது. ரிசப்ஷன் அக்கா டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்து மூடி வைத்தாள், இன்னும் சாப்பாட்டு நேரம் ஆகவில்லை போலிருக்கிறது, பிறகு ஷர்மிளாவைப் பார்த்து, "தண்ணி வேணுமாம்மா?" என்றாள். வேண்டாம்க்கா என்றாள். வேண்டும்தான், ஆனால் குடித்தால் பாத்ரூம் வரும், பாத்ரூம் போன நேரத்தில் கூப்பிட்டுவிடுவார்கள். நான்தான் டீம் லீடர் என்று உள்ளே போய்ச் சொல்வதை அவள் ஒருமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். குரல் நன்றாகத்தான் வந்தது. அடுத்ததாக, சென்சார் கெட்டால் என்னம்மா ஆகும் என்று மேடம் கேட்கிறார், அங்கே படம் நின்றுவிடுகிறது. இல்லை, எல்லாரும் சேர்ந்து செய்தோம் மேடம் என்று பொதுவாகச் சொல்லலாம். எஸ்தர் ஏற்கெனவே உண்மையைச் சொல்லியிருந்தால் அது பச்சைப் பொய்யாக முகத்தில் வந்து அடிக்கும். சொல்லியிருப்பாள். சொல்லாமல் இருக்க அவளுக்கு என்ன தலையெழுத்து. எல்லாப் பக்கமும் போய்ப் பார்த்துவிட்டு நினைப்பு திரும்பத் திரும்ப அங்கேயே வந்து முட்டிக்கொண்டது, எஸ்தர் சொல்லியிருப்பாள். அப்படியானால் மிச்சம் இருக்கிற வழி ஒன்றுதான், அவர் கேட்பதற்கு முன்னால் நாமே சொல்லிவிடுவது. பிடிபட்ட பிறகு சொன்னால் அது மன்னிப்பு, பிடிபடுவதற்கு முன்னால் சொன்னால் அது நேர்மை. இடம் எப்படியும் எஸ்தருக்குத்தான், போகட்டும், அவமானம் இல்லாமல் வெளியே வந்தால் போதும், கற்பகம் என்கிற அந்த மேடம் கல்லூரிக்கு மெயில் போடாமல் இருந்தால் போதும், அறுபத்து நாலாவது மெயிலை எழுதிக்கொள்ளலாம். இப்படி முடிவு செய்ததும் அவளுக்குத் தன்மேலேயே கொஞ்சம் மரியாதை வந்தது. பயத்தில் எடுத்த முடிவு என்பதும் தெரிந்துதான் இருந்தது, ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதானே இருக்கும் என்று நினைத்தாள். நினைத்ததும் திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டே கால்.

"ஷர்மிளாம்மா, போங்க" என்றாள் அக்கா.

உள்ளே சின்ன அறை. ஒரு பக்கம் கண்ணாடி, அதற்கப்பால் வரிசையாகப் பெண்கள் குனிந்து உட்கார்ந்து சர்க்யூட் போர்டில் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். கற்பகம் மேடம் சுடிதாரும், அதற்குக் கீழே தொழிற்சாலையில் போடுகிற கனத்த கறுப்பு ஷூவும் போட்டிருந்தார், ஐம்பது வயதிருக்கும். மேஜையில் நாலு ரெஸ்யூமும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. மூன்றின் மேல் பேனாவால் ஏதோ எழுதியிருந்தது. நாலாவது வெறுமையாக இருந்தது.

"உக்காரும்மா. நாலு பேரு, நாலு பேரும் டீம் லீடர். அப்ப டீம் எங்கம்மா?" என்றார்.

ஷர்மிளா தயாராக வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னாள். "மேடம், லீடர் எஸ்தர்தான். சர்க்யூட், கோடிங், பெட்டி எல்லாமே அவதான் பண்ணா. சனி, ஞாயிறுகூட வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிப் பாத்துக்கிட்டா. நான் ரிப்போர்ட் எழுதினேன், அதுலயும் பாதிதான் சொந்தமா எழுதினது. எனக்கு அதுல எதுவும் தெரியாது மேடம். லீடர்னு போடச் சொன்னாங்க, நானும் போட்டேன். ஸாரி மேடம்."

சொல்லி முடித்ததும் உடம்பு லேசாயிற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நிமிர்ந்து கழுத்தைச் சுளுக்கெடுத்துக்கொண்டாள். மேடம் எஸ்தரின் ரெஸ்யூமை எடுத்துப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு இப்படிச் சொல்லலியே" என்றார். "நாலு பேரும் சேர்ந்து பண்ணோம்னு சொன்னா. கோடிங் ஷர்மிளா, வயரிங் கோகுல், பெட்டி ஃபைசல், நான் சும்மா கூட நின்னேன் மேடம்னு சொன்னா. எனக்கு நம்பிக்கை இல்ல. இவதான் பண்ணியிருக்கான்னு பேசுறதுலயே தெரியுது. ரெண்டு தடவ கேட்டேன். ரெண்டு தடவையும் கண்ணப் பாத்து அதையே சொன்னா."

ஷர்மிளா அவர் கையில் இருந்த எஸ்தரின் ரெஸ்யூமைப் பார்த்தாள்.

"மத்த ரெண்டு பசங்களும் நான்தான் நான்தான்னுட்டுப் போயிட்டாங்க, அத விடு. இங்க ஒரு பெட்டி வெளிய போகுதுன்னா டெஸ்ட் பண்ணவங்க சீட்டுல கையெழுத்துப் போடணும். பண்ணாதத பண்ணேன்னு ஒருத்தி போட்டாலும், கூட வேலை பாக்குறவளுக்காக இன்னொருத்தி போட்டாலும், எங்கயோ ஒரு பேக்கரில அடுப்பு எரியும். போன வருஷம் ஒண்ணு எரிஞ்சது, நல்லவேள, யாருக்கும் ஒண்ணும் ஆகல. வேலை தெரியலன்னா நான் சொல்லிக்கொடுத்துக்குவேன். உள்ளத உள்ளபடி சொல்றத நான் சொல்லிக்கொடுக்க முடியாது." வெறுமையாக இருந்த நாலாவது ரெஸ்யூமின் மேல் அவர் ஒரு டிக் போட்டார். "திங்கக்கிழம ஒன்பது மணிக்கு வந்துட முடியுமா? வீடு எங்க?"

மேடம், அவ எங்களுக்காகத்தான் அப்படிச் சொன்னா. அந்த வாக்கியம் முழுசாக, சுத்தமாக, முற்றுப்புள்ளியோடு வந்து நாக்கில் நின்றது. இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொல்லலாம், அவளை எடுத்துக்கோங்க மேடம், நான் பயத்துல சொன்னேன், அவ பயப்படாம சொன்னா. அவர் இரண்டு கேள்வி கேட்டிருந்தார், ஒன்றுக்குத் திருவள்ளூர் என்பது பதில், இன்னொன்றுக்கு முடியும் என்பது பதில். ரயிலில் ஒரு மணி நேரம். ஆறு ஐம்பது வண்டியைப் பிடித்தால் எட்டேகாலுக்குள் வந்துவிடலாம், அம்மாவை இட்லிக்குப் பதில் ஏதாவது கட்டித்தரச் சொல்லலாம். அறுபத்து நாலாவது மெயில் எழுத வேண்டியதில்லை. அந்த வாக்கியம் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தது, அவள் அதைப் பார்த்தாள், தனக்குச் சம்பந்தமில்லாத யாரையோ பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள். ஒருவேளை அவர் இன்னொரு தடவை கேட்டால் சொல்லலாம். வேறு ஏதாவது சொல்லணுமாம்மா என்று அவர் கேட்டால்.

"திருவள்ளூர் மேடம். வந்துடுவேன்" என்றாள்.

"மத்தவங்களுக்கு நானே மெயில் பண்ணிக்கிறேன். நீ இப்ப எதுவும் சொல்லிக்க வேணாம், சங்கடம்."

"சரி மேடம். தேங்க் யூ மேடம்."

பின்கதவைத் தாண்டி நீளமான நடை, சுவரோரமாக அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க முடியாது, கால் தானாக வேகமாக நடந்தது, அம்மாவிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்றுகூட மனசு ஒத்திகை பார்த்தது. கூடவே வெட்கமாகவும் இருந்தது, எது முதலில் வந்தது என்று பிரிக்க முடியவில்லை. நான் பொய் சொல்லவில்லை என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆறு அட்டைப்பெட்டி தாண்டுகிறவரை அது சரியாகத்தான் இருந்தது. இப்போதே திரும்பிப் போகலாம், கதவு இன்னும் பூட்டியிருக்காது. இந்தப் பக்கம் வந்தவர்கள் திரும்பிப் போக முடியாது என்று அக்கா சொன்னாளே, ஆனால் அது ரிசப்ஷன் கதவைப் பற்றி, மேடத்தின் அறைக்கதவை யாரும் அப்படிச் சொல்லவில்லை. இதை நன்றாகத் தெரிந்துகொண்டே அவள் நடந்தாள்.

கேன்டீனில் எஸ்தர் மட்டும் இருந்தாள். கடைசி ஆளும் உள்ளே போயாயிற்று என்று பையன்கள் இருவரும் போன் வாங்க வாசலுக்குப் போய்விட்டார்களாம். எஸ்தர் அவளைப் பார்த்ததும் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.

"வா, வா. உனக்கு டீ வாங்கி வெச்சேன், ஆறிப்போச்சு. வேற வாங்கட்டுமா?"

"வேணாம், இதுவே போதும்."

"ப்ராஜெக்ட் யாரு பண்ணதுன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

எஸ்தர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நாலு பேரும் சேர்ந்துதான்னு சொல்லிட்டேன்டி. கோடிங் நீ பண்ணதா சொல்லி வெச்சிருக்கேன். நாலு ரெஸ்யூமையும் அப்படியே முன்னாடி வெச்சிருந்தாங்க, நான் மட்டும்னு சொன்னா உங்க மூணு பேர் கதியும் என்ன ஆகுறது? கிடைக்கிறவங்களுக்குக் கிடைக்கட்டும். உங்ககிட்ட வந்து சொல்லவும் வழியில்ல, நீ எதையாவது மாத்திச் சொல்லி மாட்டிக்குவியோன்னு இவ்வளவு நேரமும் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. நீயும் அப்படித்தானே சொன்ன?"

ஷர்மிளா டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். மேலே ஆடை படிந்திருந்தது.

"ஆமாடி" என்றாள். "அப்படியேதான் சொன்னேன்."